பெல்ட் அடிபடுவது எங்கே? கன்வேயர் பற்றிக் கேள்வி – பதில்

கன்வேயர் பெல்ட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். வரலாறு கேட்டவர்கள் சிலர். நாளைக் காலை பெல்ட் ஓடியாக வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியவர்கள் சிலர். இரண்டு தரப்புக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: பெல்ட் எங்கே அடிபடுகிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது.

கன்வேயர் பெல்ட்டைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சரிதானா?
— ஆசிரியை, ஈரோடு

சரியில்லை. ஃபோர்டு 1913-இல் ஹைலாண்ட் பார்க் தொழிற்சாலையில் காரின் அடிச்சட்டத்தை நகர்த்தியது பெல்ட்டில் அல்ல. முதலில் கயிறு கட்டி வின்ச்சால் இழுத்தார்கள். பிறகு சங்கிலி வந்தது. ஓர் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி 28 நிமிடம் ஆனது, 1914-இல் 93 நிமிடமாகக் குறைந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அது வேலையைப் பகிர்ந்துகொடுத்ததில் கிடைத்த சாதனை. ஆள் பொருளைத் தேடிப் போகாமல், பொருள் ஆளைத் தேடி வந்தது. அதற்கு முன்பே பெல்ட் நிலக்கரியும் தானியமும் சுமந்துகொண்டிருந்தது.

கதையை 1780-களில், அமெரிக்காவின் டெலவேர் பகுதியில் மாவு ஆலை நடத்திய ஆலிவர் எவான்ஸிடமிருந்து தொடங்கலாம். அன்றைய ஆலையில் கோதுமை மூட்டையை ஆள் தோளில் மாடிக்குச் சுமப்பார், அரைத்த மாவை அள்ளி மறுபடி மேலே கொண்டுபோவார். எவான்ஸ் ஐந்து கருவிகளைக் கோத்து அந்தச் சுமையை எடுத்துவிட்டார். செங்குத்தாகத் தூக்க வாளிகள் தைத்த பட்டை. படுக்கைவாட்டில் தள்ள மரத் திருகு. இறக்கத்தில் கொண்டுபோக, இரண்டு உருளைகள் மேல் ஓடும் முடிவில்லாத தோல் அல்லது கித்தான் பட்டை. அந்தக் கடைசிக் கருவிக்குத் தனி விசை கிடையாது. மேலே விழும் மாவின் எடையே அதை ஓட்டியது. எவான்ஸ் ‘கன்வேயர்’ என்று பெயர் வைத்தது அந்தத் திருகுக்கு, பட்டைக்கு அல்ல. 1790 டிசம்பர் 18-இல் அவருக்குக் கிடைத்தது அமெரிக்க அரசு வழங்கிய மூன்றாவது காப்புரிமை. அடுத்த ஆண்டே ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னான் ஆலையில் இந்த அமைப்பை நிறுவினார்.

தானியத்துக்குத் தோலும் கித்தானும் போதும். கல்லுக்குப் போதாது. 1890-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் ஆக்டனில் தாமஸ் எடிசன் இரும்புத் தாது பிரிக்கும் ஆலை நடத்தினார். பருத்தித் துணியில் மெல்லிய ரப்பர் பூசிய அவருடைய பெல்ட்டுகளைக் கூரான தாது சீக்கிரமே தின்றுவிடும். ரப்பர் விற்க அங்கே போன தாமஸ் ராபின்ஸ் என்ற இளைஞர் கவனித்தது ஒன்றை: துணி நைவதற்கு முன்பே மேல்பூச்சு போய்விடுகிறது. அப்படியானால் வலுவைத் துணியிடமும், தேய்மானத்தை ரப்பரிடமும் தனித்தனியாக ஒப்படைக்க வேண்டும். தாது விழும் பக்கத்தில் ரப்பரைத் தடிமனாக்கினார். பெல்ட்டின் இரு ஓரங்களையும் தூக்கிப் பிடித்துத் தொட்டி போல வளைக்கும் உருளைகளையும் மேம்படுத்தினார். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தப் பெல்ட்டுக்கு முதன்மைப் பரிசு கிடைத்தது. இன்றைக்கு எந்த ஜல்லிக் கிரஷரில் போய் நின்றாலும் தலைக்கு மேலே ஓடுவது அதே வடிவம்தான். மாணவர்களுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமென்றால் ராபின்ஸ் பெயரைச் சொல்லுங்கள்.

பழைய பெல்ட்டை மாற்ற விலை கேட்டேன். ‘ஈ.பி. 630/4, 5+2, எம்-24’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என்ன பொருள்?
— செங்கல் சூளை உரிமையாளர், திருவள்ளூர்

ஈ என்பது நீளவாட்டில் போகும் பாலியஸ்டர் இழை, பி என்பது குறுக்கே போகும் நைலான் இழை. 4 என்பது துணி அடுக்குகள். 630 என்பது அறுபடும் வலு: ஒரு மி.மீ. அகலத்துக்கு 630 நியூட்டன். ஒரு மீட்டர் அகலப் பெல்ட் என்றால் 630 கிலோநியூட்டனில் அறுபடும். வேலையில் அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 6.4 டன் இழுவைதான் கொடுக்கலாம். ஜாயிண்ட், கிளம்பும்போது வரும் உதறல், வருடக்கணக்கான களைப்பு எல்லாம் சேர்ந்து மீதியைச் சாப்பிட்டுவிடும். 5+2 என்பது மேல் ரப்பர் 5 மி.மீ., அடி ரப்பர் 2 மி.மீ. எம்-24 என்பது ரப்பரின் தரம். 24 அதன் இழுவை வலுவைக் குறிக்கும்.

களிமண்ணுக்கு இவ்வளவு தேவையில்லை. உடைகல்லுக்குத் தேவை. வாங்கும்போது அடுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்பதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அடுக்கு கூடினால் பெல்ட் விறைக்கும், தொட்டியாக வளையாது, நடு உருளையில் படியாமல் மிதக்கும், முனையில் பெல்ட் சுற்றித் திரும்பும் டிரம் சின்னதாக இருந்தால் அதில் மடங்கி மடங்கி அடுக்கு பிரியும். உங்கள் டிரம்மின் விட்டத்தைச் சொல்லிவிட்டுப் பெல்ட் கேளுங்கள்.

கிரஷரில் 650 மி.மீ. பெல்ட், 40 மீட்டர் நீளம். ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஸ்டாண்டில் உரசுகிறது. ரோலர்களை எல்லாம் சாய்த்துப் பார்த்துவிட்டோம், நிற்கவில்லை.
— கிரஷர் மேற்பார்வையாளர், கரூர்

முதல் வேலையாக, சாய்த்த ரோலர்களையெல்லாம் பழையபடி நேராக்குங்கள். ஒன்றின் தவறை இன்னொன்று மறைத்துக்கொண்டிருக்கும்போது எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஜாயிண்ட்டில் சாக்பீஸால் குறி போட்டு, பெல்ட்டை வெறுமனே ஓட்டி, எட்ட நின்று பத்து நிமிடம் பாருங்கள். பெல்ட்டின் ஒரே பகுதி, அது எங்கே போனாலும் விலகினால் குற்றம் பெல்ட்டில் இருக்கிறது: ஜாயிண்ட் கோணலாகப் போட்டிருக்கிறது, அல்லது பெல்ட்டே வில்லாக வளைந்திருக்கிறது. அப்போது ரோலரை எத்தனை தட்டினாலும் பயனில்லை. அப்படியில்லாமல் பெல்ட் முழுவதும் ஒரே இடத்தைக் கடக்கும்போது விலகினால் குற்றம் அந்த இடத்து ரோலரிலோ ஸ்டாண்டிலோ. வெறுமனே நேராக ஓடி, ஜல்லி விழுந்ததும் விலகினால் சூட்டை (chute), அதாவது ஜல்லியைப் பெல்ட்டில் இறக்கும் சரிவுப் பாதையைப் பாருங்கள். ஜல்லி இடது பக்கமாக விழுந்தால் அந்தப் பாரம் தொட்டியின் அடிக்குச் சறுக்கப் பார்க்கும், பெல்ட் வலது பக்கம் தள்ளப்படும்.

திருத்துவதற்கு நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். ரோலரின் எந்த முனையைப் பெல்ட் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கம் அது நகரும். ஆகவே பெல்ட் இடது பக்கம் போகிறது என்றால், ரோலர் சட்டத்தின் இடது முனையைப் பெல்ட் ஓடும் திசையில் இரண்டு மூன்று மி.மீ. முன்னே தட்டுங்கள். விலகல் தெரியும் இடத்தில் அல்ல. பெல்ட் அங்கே வந்து சேர்வதற்கு முந்தைய நாலைந்து ரோலர்களில். தட்டும்போது பெல்ட் நிற்க வேண்டும். தட்டியபின் ஓட்டி, பல சுற்று போனபிறகு அடுத்ததைத் தொடுங்கள். உடனுக்குடன் தட்டினால் அளவு மீறி மறுபக்கம் இழுக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், ஜல்லி ஏறும் முனையிலுள்ள வால் டிரம்மைப் பாருங்கள். நாற்பது மீட்டர் பெல்ட்டில் இறுக்குவது இரு பக்கத் திருகுகளாகத்தான் இருக்கும். ஒன்றை அதிகம் முடுக்கினால் டிரம் கோணலாகும். அதைவிட அடிக்கடி நடப்பது ஈரமான தூசி ஒட்டுவது. பெல்ட்டின் திரும்பும் பக்கத்து ரோலர்களில் எம்-சாண்ட் தூசி பிடித்து, ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து, ரோலர் கேரட் வடிவத்துக்கு வந்துவிடும். அந்த ரோலர் பெல்ட்டை நேராக விடவே விடாது. தூசியைச் சுரண்டிவிட்டால் இன்று சரியாகும். ஜல்லி கொட்டும் முனையின் தலை டிரம்மில், பெல்ட்டைச் சுரண்டும் ஸ்கிரேப்பர் பிளேடு தேய்ந்திருந்தால் அடுத்த வாரம் மறுபடி வரும்.

சுற்றாமல் நின்றுபோன ரோலர் இருந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். அதன்மேல் பெல்ட் உரசி உரசி இரும்புக் குழாய் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். தகடு காகிதம்போல மெலிந்து, ஒருநாள் திறந்துகொள்ளும். அந்த விளிம்பு சவரக் கத்தி. அடி ரப்பரில் நேர்கோடாகக் கீறல் தெரிந்தால் அதே கோட்டில் பின்னோக்கித் தேடுங்கள், ரோலர் அகப்படும்.

மழை பெய்தால் டிரம் சுற்றுகிறது, பெல்ட் நகரவில்லை. பெல்ட்டை இறுக்கத் தொங்கவிட்ட கவுண்டர் வெயிட்டில் இன்னும் எடை ஏற்றலாமா?
— தூத்துக்குடி வாசகர்

ஏற்றுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். டிரம் பெல்ட்டை இழுப்பது உராய்வால் மட்டுமே. ரப்பர் போர்த்திய டிரம்மில், காய்ந்த நிலையில் உராய்வு எண் 0.35 என்று வைப்போம். பெல்ட் அரைச் சுற்று, அதாவது 180 பாகை தழுவியிருந்தால் இறுக்கப் பக்கத்து இழுவை தளர்ந்த பக்கத்தைப் போல 3 மடங்கு வரை போகலாம். தளர்ந்த பக்கத்தில் கவுண்டர் வெயிட் 1 டன் இழுவை கொடுத்தால் டிரம் 2 டன் வேலை செய்யும். மழையில் உராய்வு 0.2-க்கு இறங்கினால் அந்த 3 மடங்கு 1.87 மடங்காகும். மிஞ்சுவது 0.87 டன். பாதிக்கும் கீழே.

எடை ஏற்றியே இதை ஈடுகட்ட நினைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். மழை இல்லாத நாளிலும் அந்தச் சுமையை ஜாயிண்ட்டும் பேரிங்கும் டிரம்மின் தண்டும் சுமக்கும். டிரம் உறையை முதலில் பாருங்கள். வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மீன்முள் போலக் காடி வெட்டிய ரப்பர் உறை போட்டால் தண்ணீர் காடி வழியே ஓரத்துக்கு ஓடிவிடும். காடியின் முனை சுழலும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீரை நடுவுக்குக் கொண்டுவரும். ரொம்ப ஈரமான இடத்துக்குப் பீங்கான் பதித்த உறை இருக்கிறது. தலை டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரம்மை வைத்துத் தழுவலை 210 பாகையாக்கினால் காய்ந்த நிலையில் 3 மடங்கு 3.6 ஆகும். கவுண்டர் வெயிட் குழியில் சேறு நிரம்பி எடை தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். அப்படியிருந்தால் எத்தனை டன் ஏற்றினாலும் தரைதான் சுமக்கும்.

நழுவுவதை அலட்சியப்படுத்த வேண்டாம். நின்ற பெல்ட்டில் சுற்றும் டிரம் நெருப்பு மூட்டும். வேகம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

சுரங்கத்துக்கு உள்ளே ரப்பர் பெல்ட் போடக்கூடாது, பி.வி.சி. பெல்ட்தான் என்கிறார்களே, ஏன்?
— டிப்ளமா மாணவர், விருத்தாசலம்

மேலே சொன்ன நெருப்புதான் காரணம். ரிச்சர்ட் சட்கிளிஃப் 1905-இல் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கென்று பெல்ட் கன்வேயரை உருவாக்கினார். மட்டக்குதிரையும் தொட்டிவண்டியும் செய்த வேலையைப் பெல்ட் மெல்ல எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட் ஓடியது. சுரங்கத்தின் காற்றுப் பாதையில் அத்தனை ரப்பர் கிடக்கிறது என்பதன் அபாயம் 1950 செப்டம்பர் 26 அதிகாலையில் தெரிந்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிரெஸ்வெல் சுரங்கம். பெல்ட் ஒன்று நீளவாட்டில் கிழிந்தது. கிழிந்த பட்டை, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிலக்கரி விழும் சூட்டுக்குள் போய்ச் சுருண்டு அடைத்தது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் அதில் உரசிச் சூடேறித் தீப்பிடித்தது. காற்று உள்ளே போகும் பாதை அது. உள்ளே இருந்தவர்களை நோக்கிப் புகை காற்றோடு போனது. 80 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடால். தீயணைக்கத் தேவையான தண்ணீரும் ஆரம்பத்தில் போதுமான அளவு கிடைக்கவில்லை.

அதன்பிறகே, தன்னால் எரியாத பெல்ட் நிலத்தடியில் கட்டாயமானது. அடுக்குகளாக ஒட்டாமல் ஒரே கனமாக நெய்த துணியில் பி.வி.சி. ஊறவைத்துச் செய்வது அந்த வகையில் ஒன்று. நெருப்புச் சுடரை எடுத்துவிட்டால் அது தானே அணைய வேண்டும். நின்ற பெல்ட்டில் டிரம் சுழன்று அறுபடும்வரை ஜுவாலையோ கனலோ வரக்கூடாது. பரிசோதனைகள் இவைதான். இரண்டாவது சோதனையின் வடிவத்தைப் பாருங்கள். கிரெஸ்வெல்லில் நடந்த உரசலை அப்படியே சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்ததுபோல் இருக்கும்.

உங்கள் பக்கத்திலுள்ள நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே கேள்வி வேறு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் மண்ணும் கடலூர் மணற்பாறையும் கிடக்கின்றன. வாளிச்சக்கர இயந்திரம் வெட்டிப்போட, 2 மீட்டருக்கும் மேல் அகலமான பெல்ட்டுகள் அதைச் சுமந்துபோகின்றன. அந்த மணற்பாறை உப்புத்தாள் மாதிரி. ரப்பரைத் தேய்த்தே கொல்லும். தூரமும் பாரமும் அதிகமென்பதால் உள்ளே துணிக்குப் பதில் இரும்புக் கம்பி வடங்கள். நீட்சியில்தான் வித்தியாசம். ஒரு கி.மீ. கன்வேயரில் துணிப் பெல்ட்டுக்கு இறுக்கும் வண்டி நகரச் சுமார் 15 மீட்டர் இடம் விட வேண்டும். கம்பிப் பெல்ட்டுக்கு 2, 3 மீட்டர் போதும்.

கம்பிப் பெல்ட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கம்பிகள் எல்லாம் நீளவாட்டிலேயே ஓடுகின்றன, குறுக்கே பிடிப்பு குறைவு. இயந்திரத்தின் உடைந்த பல் ஒன்று சூட்டில் குத்திட்டு நின்றால், விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் பெல்ட் ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் இரண்டாகக் கிழிந்துவிடும். அதனால்தான் வழியில் காந்தமும் உலோகம் காட்டும் கருவியும் வைக்கிறார்கள், பெல்ட்டுக்குள் கம்பிச் சுருள் பதித்து அது அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிறார்கள்.

புதிய ஜாயிண்ட் மூன்றே மாதத்தில் பிரிந்துவிட்டது. நாலு அடுக்குப் பெல்ட், குளிர் ஒட்டு. பசை மோசமா?
— நவீன அரிசி ஆலை, தஞ்சாவூர்

பசையைக் கடைசியில் சந்தேகியுங்கள். நாலு அடுக்குப் பெல்ட்டில் படிப்படியாக வெட்டி ஒட்டும்போது மூன்று அடுக்குதான் பாரம் சுமக்கும். நன்றாகப் போட்ட ஜாயிண்ட்டுக்கே வலு 75 சதவீதம். படி வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கி அடுத்த அடுக்கில் ஒரு கோடு விழுந்தால் இன்னொரு அடுக்கும் போச்சு, பாதிதான் மிச்சம். பிரிந்த ஜாயிண்ட்டைத் தூக்கிப்போடாமல் புரட்டிப் பாருங்கள். படியின் ஓரத்தில், குறுக்கே ஸ்கேல் வைத்து வெட்டினதுபோல நேராகத் துணி அறுந்திருந்தால் கத்திதான் காரணம்.

துணி அறாமல் பளபளப்பாக உரிந்து வந்திருந்தால் பசை பிடிக்கவேயில்லை. உமித்தூசி, ஈரம், சொரசொரப்பாக்காத ரப்பர், இவற்றில் ஒன்று. கடினப்படுத்தும் திரவம் கலந்தபின் பசைக்கு ஆயுள் குறைவு. மத்தியானம் கலந்ததைச் சாயங்காலம் தடவக்கூடாது. முதல் பூச்சு முழுக்கக் காய வேண்டும். இரண்டாவது பூச்சைப் புறங்கையால் தொட்டால் லேசாகப் பிடிக்க வேண்டும், கையோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு கொப்புளமாகும்.

வெட்டுக் கோட்டை நேர்குறுக்காக விடாமல் சுமார் 22 பாகை சாய்த்துப் போடுங்கள். ஜாயிண்ட் முழுவதும் ஒரே நேரத்தில் டிரம்மில் ஏறாது. கோடு போட ஓரத்தை நம்பக்கூடாது. பல இடங்களில் அகலத்தை அளந்து நடுக்கோடு எடுத்து, அதிலிருந்து மூலைமட்டம் வைக்க வேண்டும். நெருக்கடியான லைனுக்குச் சூடாக வல்கனைஸ் செய்வதே மேல். சுமார் 145 பாகை செல்சியஸில் அழுத்திப் பிடித்து, தடிமனுக்கு ஏற்ற நேரம் வைத்து, அழுத்தத்தை விடாமலே ஆறவிட வேண்டும். வண்டி நிற்கிறது என்று சூட்டோடு பிரஸ்ஸைத் திறந்தால் உள்ளிருக்கும் ஆவி ரப்பரை ஊதிவிடும்.

உலகத்திலேயே நீளமான கன்வேயர் எது?
— பள்ளி மாணவர், சேலம்

மேற்குச் சகாராவில் பு கிரா பாஸ்பேட் சுரங்கத்திலிருந்து கடற்கரைவரை 98 கி.மீ. போகிறது. ஒரே பெல்ட் அல்ல, பல பெல்ட்டுகளின் தொடர். நம் பக்கத்தில் மேகாலயாவின் சுண்ணாம்புக் கல்லை எல்லை தாண்டி வங்கதேசத்தின் சாதக் சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோகும் 17 கி.மீ. பெல்ட் இருக்கிறது.

ஓடும்போதே டிரம்மில் ஒட்டியதைச் சுரண்டச் சொல்கிறார்கள். ‘மெதுவாகத்தானே ஓடுகிறது’ என்கிறார் மேஸ்திரி.
— சர்க்கரை ஆலைத் தொழிலாளி, கடலூர் மாவட்டம்

செய்யாதீர்கள். விநாடிக்கு 2 மீட்டர் வேகம் மெதுவாகத்தான் தெரியும். பெல்ட் டிரம்மில் ஏறும் இடத்தில் விரல் நுனியோ துணியோ பிடிபட்டால் அரை விநாடியில் ஒரு மீட்டர் உள்ளே போயிருக்கும். தோள்வரை வர அவ்வளவு நேரம்கூட வேண்டாம். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் முடிந்துவிடும். சுரண்டும் கம்பி மாட்டினாலும் அதுவே, கம்பியை விடுவதற்குள் கம்பியோடு ஆளையும் இழுத்துவிடும்.

நிறுத்தினால் மட்டும் போதாது. மின் பிரிப்பானில் பூட்டுப் போட்டு, சுரண்டுகிற நீங்களே சாவியை வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அதன்பிறகும் பெல்ட்டில் இழுவை மிச்சமிருக்கும். மேலே தொங்கும் கவுண்டர் வெயிட்டை முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். ஏற்றத்தில் பாரத்தோடு நிற்கும் பெல்ட் பின்னுக்கு உருளலாம். ஓரமாக நீளத்துக்கும் ஓடும் அவசரக் கயிறு இரண்டு பக்கமும் இருக்கிறதா, கரும்புச் சக்கை விழுந்து தளர்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். தளர்ந்த கயிற்றை இழுத்தால் சுவிட்ச் விழாது. வாரம் ஒருமுறை வெறும் ஓட்டத்தில் அதை இழுத்து, பெல்ட் நிற்கிறதா, இழுத்த இடத்துக்கே போய் விடுவித்தால்தான் மறுபடி கிளம்புகிறதா என்று சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.